எதிர்ச்சாரி

பரணியின் அழுகை நின்றுவிட்டதா, இல்லை அந்த மண் லாரி போகிற சத்தத்தில் கேட்காமல் போய்விட்டதா என்று சிதம்பரநாதனுக்குப் பிடிபடவில்லை. லாரி போகட்டும் என்று காத்திருந்தான். போனது. பின்னாலேயே ஒரு பள்ளிக்கூட வேன், அதன் வாலைப் பிடித்த மாதிரி இரண்டு ஸ்கூட்டர். எல்லாம் கடந்து ரோடு ஒரு கணம் வெறிச்சென்று ஆனபோது அது அங்கேயேதான் இருந்தது, எதிர்ச்சாரியில், சுவரில் யானையும் முயலும் வரைந்த அந்த டேகேர் வீட்டுக்குள்ளிருந்து, இழுத்து இழுத்து, மூச்சு வாங்க நின்று, மறுபடி ஏறி. நூறு பிள்ளைகள் சேர்ந்து அழுதாலும் மகனுடையதை மட்டும் அவனால் பிரித்தெடுக்க முடியும். 'ப்பா' என்று தொடங்கி வெறும் ஆவாகக் கரைந்துபோகிற அழுகை. மூன்று வயது முடிந்து நாலாவது நடக்கிற பிள்ளை, இன்றைக்குத்தான் முதல் நாள், அழாமல் என்ன செய்யும். எல்லாப் பிள்ளையும் அழும். டேகேர் நடத்துகிற பூங்கொடி அக்கா அப்படித்தான் சொன்னாள். "திரும்பிப் பாக்காமப் போயிருங்க தம்பி, நீங்க நின்னீங்கன்னா அவன் இன்னும் அழுவான், போன ஒடனே செரியாயிருமுங்க" என்று கேட்டைச் சாத்தினாள். அவன் திரும்பிப் பார்க்காமல்தான் போனான். போனது ரோட்டின் இந்தப் பக்கம் வரைக்கும். பஸ் நிழற்குடையின் சிமெண்டுப் பெஞ்சில், மடியில் ஆபீஸ் பை, பைக்குள் மனைவி இந்துமதி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மாதிரி. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவன் எல்லாமே மாதிரியாகத்தான் செய்கிறான். பஸ் ஸ்டாப் ஒரு நல்ல இடம், ஒரு ஆண்பிள்ளை பகலில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடம், ஆனால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது, பஸ் வந்து வந்து போகும்போது ஏறாமலே இருந்தால் தெரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு பஸ் வரும்போதும் எழுந்து, போர்டைப் படித்து, இது இல்லை என்பது போல உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தான். யாருக்காகப் பிதுக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கேட்டைச் சாத்தின உடனே காலில் ஒரு லேசு வந்ததே, அதை நினைத்தால்தான் கூசுகிறது. இடுப்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி. பிள்ளை உள்ளே கத்திக்கொண்டிருக்க, இவன் முக்குக் கடையில் ஒரு டீ சொல்லி, கூட ஒரு தேங்காய் பன்னும் சொல்லி, அது நன்றாகவும் இருந்தது. சித்திரையில் பாளையங்கோட்டையிலிருந்து சாமான் ஏற்றி வந்த நாளிலிருந்து ஒரு வாய் டீயைச் சூட்டோடு குடித்ததில்லை. எப்போதும் பரணி சட்டையைப் பிடித்து இழுப்பான், தூக்கு என்பான், அந்த வண்டியைக் காட்டு என்பான், வெளிக்கி வருது என்பான். அதனால் அந்த டீயை அவன் ஊதிக்கூடக் குடிக்கவில்லை, நாக்கு சுட்டாலும் பரவாயில்லை என்று அவசரமாக, திருடித் தின்கிறவன் மாதிரி. பாதி பன்னில்தான் காதில் விழுந்தது, கடை வரைக்கும் கேட்டது. கடைக்காரர் "பூங்கொடி அக்கா ஊட்டுல புதுசா ஒண்ணு சேந்துருக்காட்ட இருக்குது, என்ன தொண்டைங்கறீங்க" என்று சிரித்தார். என் பிள்ளைதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தான். சிரித்துவிட்டு மீதிப் பன்னையும் தின்றான், அதுதான், மீதியையும் தின்றான்.

வீட்டுக்குப் போக முடியாது. கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் ராமலிங்கக் கவுண்டர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், பகல் முழுக்க அங்கேதான், போகிற வருகிற யாரையும் "வாங்க, சாப்டாச்சுங்களா" என்று கேட்காமல் விடமாட்டார். எல்லாம் அவரிடம் தொடங்கினதுதான், இல்லை அவரிடம் என்ன, தன் வாயில் தொடங்கினது. வீடு பார்க்க வந்த அன்று, இந்துமதி இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர் என்றதும் அவர் முகம் மலர்ந்து, "சந்தோசமுங்க, சார் எங்க வேலை பாக்கறாருங்க?" என்று அவன் பக்கம் திரும்பினார். சாதாரணமான கேள்வி. தண்ணி எப்படி வருகிறது என்று கேட்கிற மாதிரி. இவளுக்குப் பிரமோஷனோடு மாற்றல் வந்தது, நான் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கேன், தேடணும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவன் வாய் அதற்குள் "சூலூர் பக்கம், மோட்டார் கம்பெனில, ஸ்டோர்ஸ்ல" என்று சொல்லிவிட்டது. சூலூர் என்ற பேரை வரும் வழியில் ஒரு போர்டில் பார்த்திருந்தான், அவ்வளவுதான். இந்துமதி சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு நன்றாக அடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை, அன்று ராத்திரி கேட்கவும் இல்லை, ஆனால் குடிவந்த மறுநாள் காலையில் அவனுக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கட்டினாள். அதை அவள் இரக்கத்தில் செய்தாளா கோபத்தில் செய்தாளா என்று இன்றுவரை தெரியாது. கோபத்தில் என்றால் தேவலை. ஒரு பொய்க்கு எவ்வளவு சோறு. பரணியையும் தூக்கிக்கொண்டு, போகிற வழியில் தெரிந்தவர் வீட்டில் விடுவதாகச் சொல்லித் தினமும் கிளம்பினான். பொய் முதலில் கவுண்டருக்கு, பிறகு மாடி எதிர்வீட்டு அம்மாவுக்கு, பிறகு உமையாளின் பள்ளிக்கூடத்தில், பிறகு இங்கே பூங்கொடி அக்காவிடம், போகிற இடமெல்லாம் அது முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பாளையங்கோட்டையில் ஆபீஸில் பொன்னாடை போர்த்தி அனுப்பியபோது பேசினானே, "கோயமுத்தூர்ல கல்ல விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு கம்பெனி மேலதாம்யா விழும்" என்று, எல்லாரும் கைதட்டினார்களே, அதை நினைத்தால் இப்போது கூட, இந்த பஸ் ஸ்டாப்பில் கூட, காது சுடுகிறது. கல் எங்கே விழுந்தது? போன இடத்திலெல்லாம் தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்கள் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, "சொல்லி அனுப்பறோங்க சார்" என்றார்கள். மரியாதையான ஊர். மரியாதையாகவே சொல்லி அனுப்பாமல் இருந்தார்கள்.

பெரியவள் உமையாள் மூன்றாம் வகுப்பு. முதல் வாரம் வந்து, "அப்பா, இங்க எல்லாரும் ங்க போட்டுப் பேசுதாங்க, நான் பேசினா சிரிக்காங்க" என்று சொன்னாள், இரண்டாவது வாரம் அவளே "சரிங் மிஸ்" என்று பழகிக்கொண்டாள், பிள்ளைகள் தண்ணீர் மாதிரி. ஆனால் ஒருநாள் சாப்பிட உட்காரும்போது கேட்டாள், "அப்பா, மிஸ் எல்லார்ட்டயும் அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க. நான் பம்பு கம்பெனின்னு சொல்லிட்டேன். பம்பா, மோட்டாரா? எதுன்னு சரியாச் சொல்லு, நாளைக்குக் கேட்டா மாறிறக்கூடாதுல்லா." எட்டு வயது. அவன் அப்பளத்தை உடைத்துக்கொண்டு, "மோட்டார்" என்றான். "மோட்டார்" என்று அவளும் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், வாய்ப்பாடு மாதிரி. இந்துமதி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய், ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தாள். அப்புறம் ரெண்டு நாள் கழித்து அவள்தான் சொன்னாள், சின்னவனை டேகேரில் விடுவோம், நீங்க நிம்மதியா அலைஞ்சு தேடுங்க, இவனைத் தூக்கிக்கிட்டு எந்தக் கம்பெனிக்குப் போவீங்க. நியாயம்தான். ஆனால் அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. முந்தின வாரம் மத்தியானம் அவன் அசந்து தூங்கிப்போய், பரணி கதவைத் திறந்து படி இறங்கி, கேட்டுக்கு வெளியே தெருநாயோடு பேசிக்கொண்டு நின்றதை எதிர்வீட்டு அம்மா பார்த்துத் தூக்கி வந்தது. "ஏனுங்க, இன்னைக்கு லீவுங்களா?" என்று அவள் கேட்க, பாதித் தூக்கத்தில் அதற்கும் ஆமாம் என்றான். வேலையும் இல்லை, வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்கவும் துப்பில்லை. இரண்டில் ஒன்றாவது செய்திருக்கலாம்.

போன் அடித்தது. பூங்கொடி அக்கா. எடுக்கும்போதே எழுந்து நின்றுவிட்டான். "ஏனுங்க தம்பி, வேலையா இருக்கீங்களா? ஒண்ணும் பயப்படாதீங்க. பையன் அழுகாச்சிய நிறுத்தவே மாட்டீங்கறானுங்க. பாலைக் கக்கிட்டான். மொத நாளு போதும்னு நெனைக்கறேன், வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" அவள் குரலுக்குப் பின்னால் அந்த அழுகை, போனுக்குள் ஒன்று, காற்றில் ஒன்று, இரண்டும் ஒட்டாமல் கொஞ்சம் முன்னே பின்னே. இதோ வந்துட்டேன் என்று சொல்லித் தாண்டினால் பத்து எட்டு நடைதான். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது, அந்த ஹாரன் அவன் காதில் நேராகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது, அவளுக்கும் அப்படித்தானே கேட்டிருக்கும் என்று பதறி உள்ளங்கையால் போனைப் பொத்தினான். பொத்தின கைதான் பதிலையும் சொன்னது போல. "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்றான். "உடனே கிளம்புதேன். சூலூர்லேர்ந்து வரணும்லா, அரைமணி முக்கால் மணி ஆயிரும்." "செரிங்க, மெதுவா வாங்க, வண்டிய வெரட்டாதீங்க" என்று அவள் வைத்துவிட்டாள். வண்டியை விரட்டாதீங்க. அவன் இல்லாத ஊரிலிருந்து இல்லாத வண்டியில் வரும்போது விழுந்துவிடக்கூடாதே என்று அவளுக்கு அக்கறை.

இனிமேல் என்ன செய்வது, சொன்ன நேரம் ஆகவேண்டும். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். நம்பவே முடியவில்லை, ஆனால் உட்கார்ந்தான். கால் தாண்டச் சொல்லியது, உடம்பு உட்கார்ந்தது. பிள்ளை பாலைக் கக்கிவிட்டான், வெறும் வயிறு, அழுதால் விக்கல் வரும், விக்கினால் நெஞ்சை நீவிவிட வேண்டும், பைய நீவ வேண்டும், மேலிருந்து கீழாக, பூங்கொடி அக்காவுக்கு அது தெரியுமா. போய்விடலாம். போய், மீட்டிங் கேன்சல் ஆயிட்டு என்று சொல்லலாம், சூலூர் இல்லை, பக்கத்திலேயே ஒரு வேலையாக வந்திருந்தேன் என்று சொல்லலாம், அப்படியானால் மீட்டிங்? கம்பெனி வேலையாக பக்கத்தில் ஒரு மீட்டிங். சே. பிள்ளை அங்கே கத்த, இங்கே ஒரு பொய்க்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறான். பழைய ஆபீஸ் ஸ்டோரில் ஸ்டாக் குறைந்தால் இப்படித்தான் ராஜினாமாப் பண்ணிப் போனவன் தலையில் எழுதுவார்கள், அவன் ஒருநாளும் எழுதினதில்லை, நேர்மையானவன் என்று பேர் வாங்கினவன், அந்தப் பேர் எல்லாம் கூட வராமல் பாளையங்கோட்டையிலேயே நின்றுவிட்டது போல. அழுகை இப்போது உடைந்து உடைந்து வந்தது. ஒரு முறை தெளிவாக, "அப்பா" என்று. தூரத்தில் இருக்கிறவனை நினைத்து அழுகிற குரலாக அது இல்லை, கூப்பிடுகிற குரலாக இருந்தது, ஓடிப்போகிற ஆளைக் கைதட்டிக் கூப்பிடுகிற மாதிரி. அந்த வீட்டின் முன்ஜன்னலைப் பார்த்தான். கொசுவலை அடித்த ஜன்னல், வெயிலில் கறுப்பாக இருந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, விளம்பரப் பலகையின் நிழலுக்குள் போனான். ஏன் நகர்ந்தான்? தெரியாமல் இல்லை, தெரிந்துதான் நகர்ந்தான், யாராவது கேட்டுக்கு வந்தால் பார்த்துவிடுவார்கள் என்று. பெற்ற பிள்ளைக்கு ஒளிகிறான். நிழற்குடைக்குப் பக்கத்தில் இளநீர் விற்கிறவர் அரிவாளை ஓங்கினபடி, "டவுன் பஸ்ஸெல்லாம் போயிருச்சுங்களே, எங்கைங்க போகோணும்?" என்று கேட்டார். "ஆள் வரணும்" என்றான். அதுகூட நிஜம் மாதிரித்தான் இருந்தது. யாராவது ஒரு ஆள் வரவேண்டும், சிதம்பரநாதன் என்று ஒருவன், வந்து அந்தக் கேட்டைத் திறக்க வேண்டும்.

பிறகு அழுகை நின்றது. வண்டி எதுவும் போகவில்லை, ரோடு சும்மா இருந்தது, இருந்தும் கேட்கவில்லை. அழுதபோது தாங்கினதை இது தாங்க முடியவில்லை. தூங்கிவிட்டானா, மயங்கிவிட்டானா, அக்கா திரும்ப போன் பண்ணவில்லையே, பண்ண முடியாத நிலைமையா. எழுந்துவிட்டான். ஆனால் அப்போதும், இதைத்தான் பிறகு எந்நாளும் அவனால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது, அப்போதும் அவன் நேரே ரோட்டைத் தாண்டவில்லை. எதிரே இருந்து நடந்து வந்தால் தெரிந்துவிடும் என்று முக்கு வரை விறுவிறுவென்று போய், அங்கே நின்ற ஆட்டோவில் ஏறி, டேகேரைச் சொன்னான். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். "இங்கதானுங்களே, நடந்தே போயிரலாமுங்க." "பரவால்ல, எடுங்க." ஆட்டோ அவன் நடந்து வந்த வழியே, நிழற்குடையையும் இளநீரையும் தாண்டி, அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சையும் தாண்டிப் போனது. அந்தக் கொஞ்ச தூரத்தில் அவன் மூச்சை வேகமாக விட்டுப் பார்த்துக்கொண்டான், தூரத்திலிருந்து வருகிறவனுக்கு எப்படி இரைக்கும் என்று. பிறகு இரைப்பதற்குப் பாவனை தேவைப்படவில்லை.

"எதுக்குங்க இப்பிடி அரக்கப் பரக்க வந்தீங்க?" பூங்கொடி அக்கா கேட்டைத் திறந்தாள். ஐம்பது வயது இருக்கும், முந்தானை ஈரமாக இருந்தது, பரணி கக்கின பாலைக் கழுவியிருப்பாள். "அவன் அடங்கீட்டானுங்க. உங்களுக்குப் போன் பண்ணறதுக்குள்ள நானொரு வழியாயிட்டேன். ஜன்னல்ல ஏறி நின்னுட்டு, 'எங்கப்பா, எங்கப்பா'ன்னு கைய நீட்டி நீட்டிக் காட்டறானுங்க. என்னடான்னு எட்டிப் பாத்தா பஸ் ஸ்டாப்புல ஆரோ ஒரு ஆளு உக்காந்திருக்குது. எனக்குத் தூரத்துப் பார்வை மங்கலுங்க, ஆனா நீங்க ஆபீஸ்ல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமல்ல? அது அப்பா இல்லடா சாமி, வேற மாமா, நல்லாப் பாருன்னு சொல்லிச் சொல்லி... கேக்கவே மாட்டீங்கறான். அந்த ஆளு வேற கொஞ்ச நேரத்துல நகுந்து மறைவாப் போயிருச்சு. அப்புறம் நான், 'பாத்தியா, உங்கப்பாவா இருந்தா உன்னையப் பாத்து வந்திருப்பாருல்ல?'ன்னு கேட்டேனுங்க. அதுக்கப்பறந்தான் யோசன பண்ணிட்டு அழுகாச்சிய நிறுத்துனான்."

அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வெயிலில் காய்ந்த கம்பி கையைச் சுட்டது, விடவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும். வெளிச்சத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் ஜன்னல் கறுப்பு, இருட்டிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு ரோடு, பெஞ்சு, பை, பெல்ட், எழுந்து எழுந்து உட்காருகிற அப்பன், எல்லாம் தெரியும். போனை எடுத்துப் பேசினது தெரியும். நகர்ந்தது தெரியும்.

பரணி உள்ளிருந்து வந்தான். ஓடி வரவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டு, யாருடையதோ ஒரு மஞ்சள் சட்டை மாட்டியிருந்தான். அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்பா, அங்கன ஒரு மாமா இருந்தாங்க" என்றான். "ஒன்ன மாதிரியே சட்ட. அப்பா இல்ல. மாமா."

"அப்பிடிச் சொல்லு என்ற தங்கம்" என்று அக்கா அவன் தலையைத் தடவினாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு வேறு பஸ் ஸ்டாப் பார்த்துக்கொள்ளலாம். தலை ஆடவும் பார்த்தது. மஞ்சள் சட்டையில் பிள்ளை தன் கண்ணை நம்பாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லய்யா" என்றான் சிதம்பரநாதன். "அது அப்பாதான்."

அக்கா சிரித்தாள், பிள்ளைக்குச் சொல்கிற விளையாட்டு என்று நினைத்து. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா. எனக்கு சூலூர்ல வேலை கிடையாது. எங்கயும் கிடையாது. காலையிலேர்ந்து அங்கதான் இருந்தேன்."

"நான் போன் பண்ணறப்பவுமா?"

"ஆமா."

திட்டுவாள் என்று நின்றான், திட்டினால் வாங்கிக்கொள்ள ஏதாவது இருக்கும். அவள் ரோட்டைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பரணியின் உயரத்துக்கு வந்தாள். "சாமி, நீ சொன்னதுதாஞ் செரி. அது உங்கப்பாதான். நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றாள். அவனிடம் திரும்பி, "சட்டையக் காயப் போட்டிருக்கேன், நாளைக்கு வாரப்ப வாங்கிக்குங்க. அதுக்கென்ன, வேல கெடைக்குமுங்க" என்றாள். அவன் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். கவுண்டர் வாசலில் இருப்பார், இருக்கட்டும். பரணி அவன் தோளில் சாயாமல் விறைப்பாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு வந்தான், புது ஆள் தூக்கினால் இருப்பது போல. ரோட்டைத் தாண்டினார்கள். நிழற்குடைக்கு முன்னால் வந்ததும் பிள்ளை கையை நீட்டி, நிறுத்தச் சொன்னான். பெஞ்சைப் பார்த்தான். திரும்பி, தான் நின்ற ஜன்னலைப் பார்த்தான், இங்கிருந்து அது வெறும் கறுப்பு. பிறகு அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"நான் கூப்ட்டம்லா" என்றான். "ஒனக்குக் கேக்கலையா?"

இளநீர்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று வந்து நின்றது, யாரும் ஏறவில்லை, போனது.

"கேட்டுச்சுய்யா" என்றான் சிதம்பரநாதன்.